நிஃப்டி ஃபியூச்சர்ஸின் ‘அடுத்த ஒப்பந்தம்’ எது? உங்கள் கோடு சொல்லும் பதில் ஏன் தப்பாகலாம்?

2025 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை காலை. நிஃப்டி ஃபியூச்சர்ஸில் நடப்பு மாத ஒப்பந்தம் எது என்று இரண்டு பைத்தான் நிரல்களைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். மாதத்தின் கடைசி வியாழக்கிழமைதான் எக்ஸ்பைரி என்று எழுதி வைத்த நிரல், ‘செப்டம்பர் ஒப்பந்தம் நேற்றோடு முடிந்தது, இனி அக்டோபர்’ என்று சொல்லியிருக்கும். எக்ஸ்சேஞ்சின் அன்றைய பட்டியலைப் படித்த நிரல், ‘செப்டம்பர் ஒப்பந்தம் 30ஆம் தேதி செவ்வாய் வரை உயிரோடு இருக்கிறது’ என்று சொல்லியிருக்கும்.

இரண்டாவதுதான் சரி. முதல் நிரலில் பிழைச் செய்தி எதுவும் வந்திருக்காது என்பதுதான் பிரச்னையே. அது கேட்ட அக்டோபர் ஒப்பந்தம் உண்மையிலேயே சந்தையில் இருந்தது, விலையும் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் போட்டிருந்தால் நிறைவேறியும் இருக்கும்.

ஐ.டி. வேலை, ஒரு டீமேட் கணக்கு, புரோக்கர் தரும் ஏ.பி.ஐ., வார இறுதியில் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட். இந்த நான்கும் உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதுதான். டிரேடிங் பண்ணுங்கள் என்று சொல்ல வரவில்லை. அதற்கு எதிரான எண்கள்தான் நிறைய இருக்கின்றன: 2024-25 நிதியாண்டில் பங்குச் சந்தை டெரிவேட்டிவ்ஸில் இறங்கிய தனிநபர்களில் 91% பேர் நஷ்டமடைந்தார்கள், அவர்களின் மொத்த நிகர இழப்பு 1,05,603 கோடி ரூபாய் என்கிறது செபியின் ஆய்வு. அந்த இழப்பு முழுக்கக் கோடு பிழையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே வழுக்கும் தரையில், எந்த ஒப்பந்தத்தை வாங்குகிறோம் என்றே தெரியாமல் நடப்பது தனி ஆபத்து.

கால் நூற்றாண்டு வியாழக்கிழமை

தேசிய பங்குச் சந்தையான என்.எஸ்.இ.யில் நிஃப்டி ஃபியூச்சர்ஸ் தொடங்கியது 2000 ஜூன் 12 அன்று. அமைப்பு எளிமையானது. எந்த நேரத்திலும் மூன்று மாதங்களுக்கான ஒப்பந்தங்கள் இருக்கும்: நியர் மன்த், நெக்ஸ்ட் மன்த், ஃபார் மன்த். ஒன்று முடிந்தால், மறுநாள் வரிசையின் கடைசியில் புதிதாக ஒன்று சேரும். எக்ஸ்பைரி, மாதத்தின் கடைசி வியாழன். அன்று விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வர்த்தக நாள்.

இந்த விதி அவ்வளவு காலம் நீடித்ததால், அது விதி என்பதே மறந்து ஏதோ இயற்கை நியதி போல ஆகிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கோடுகளைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவற்றில் ‘கடைசி வியாழன்’ ஒரு தனி ஃபங்ஷனாகவே உட்கார்ந்திருக்கும். அவற்றைப் படித்து வளர்ந்த ஏ.ஐ. உதவியாளர்களும் அதையே எழுதித் தருவதில் ஆச்சரியம் இல்லை.

பிறகு மாற்றங்கள் வரிசையாக வந்தன. பேங்க் நிஃப்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மாதாந்திர எக்ஸ்பைரி 2024 மார்ச்சில் வியாழனிலிருந்து புதனுக்குப் போனது. 2025 ஜனவரியில் திரும்ப வியாழனுக்கு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில், தன்னிடமுள்ள எல்லா இண்டெக்ஸ் ஒப்பந்தங்களையும் ஏப்ரல் 4 முதல் திங்களுக்கு மாற்றப்போவதாக என்.எஸ்.இ. அறிவித்தது, சில வாரங்களில் அந்த முடிவை நிறுத்தி வைத்தது. அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சுறுசுறுப்பாகக் கோடை மாற்றியவர்கள், அதை மறுபடியும் பழையபடி மாற்ற வேண்டியிருந்தது.

மும்பை பங்குச் சந்தையான பி.எஸ்.இ.யின் கதையும் இதேதான். சென்செக்ஸ் எக்ஸ்பைரி வெள்ளியில் இருந்தது. 2025 ஜனவரியில் செவ்வாய்க்கு வந்தது.

இந்த நாற்காலி விளையாட்டுக்குப் பின்னால் இருப்பது வணிகப் போட்டி. எக்ஸ்பைரி நாளில்தான் வர்த்தகம் குவிகிறது. எந்த நாள் யாருக்கு என்பதில் எக்ஸ்சேஞ்சுகளின் வருமானமே அடங்கியிருக்கிறது. கடைசியில் செபி 2025 மே 26 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது: செவ்வாய் அல்லது வியாழன், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இனி மாற்ற வேண்டுமானால் எங்களிடம் முன் அனுமதி வாங்குங்கள். என்.எஸ்.இ. செவ்வாயை எடுத்தது. பி.எஸ்.இ. வியாழனுக்குப் போனது. 2025 ஆகஸ்ட் 28தான் நிஃப்டி ஃபியூச்சர்ஸின் கடைசி ‘கடைசி வியாழன்’. செப்டம்பர் முதல் கடைசி செவ்வாய்.

ஐந்து நாள் முன்னால், இரண்டு நாள் பின்னால்

‘ஒரு நாள் மாறியதுதானே, வியாழன் இருந்த இடத்தில் செவ்வாய் என்று போட்டால் போச்சு’ என்று தோன்றும். நாள்காட்டியை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால், பழைய கோடு செய்யும் தப்பு எல்லா மாதமும் ஒரே மாதிரி இல்லை.

2025 செப்டம்பரில் கடைசி வியாழன் 25, கடைசி செவ்வாய் 30. பழைய கோடு ஐந்து நாள் முன்னதாகவே அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும். அக்டோபரில் கடைசி செவ்வாய் 28, கடைசி வியாழன் 30. இப்போது அதே கோடு, இறந்துபோன அக்டோபர் ஒப்பந்தத்தை இரண்டு நாள் கட்டிக்கொண்டு அழும். நவம்பரும் அப்படியே. டிசம்பரில் மறுபடி முன்னதாகத் தாவும். மாதம் செவ்வாயிலோ புதனிலோ முடிந்தால் முந்திக்கொள்ளும், மற்ற நாட்களில் முடிந்தால் பிந்தும், இதுதான் சூத்திரம். 2026க்கு இதைப் போட்டுப் பார்த்தால், விடுமுறைகளைக் கணக்கில் எடுக்காமல், மார்ச், ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பழைய கோடு முந்துகிறது. மீதி ஒன்பது மாதங்களில் பிந்துகிறது.

பிந்துவது ஒருவகையில் நல்ல பிழை. முடிந்துபோன ஒப்பந்தத்துக்கு ஆர்டர் போனால் புரோக்கரின் சர்வர் நிராகரிக்கும். உங்கள் போனில் ஒரு சிவப்பு எச்சரிக்கை வரும். நீங்கள் உட்கார்ந்து சரி செய்வீர்கள்.

முந்துவதுதான் ஆபத்து. நீங்கள் ஒரு லாட் செப்டம்பர் ஃபியூச்சர் வாங்கி வைத்திருக்கிறீர்கள். 26ஆம் தேதி விலை சரிகிறது, நிரல் ‘வெளியேறு’ என்று முடிவு செய்கிறது. நடப்பு ஒப்பந்தம் அக்டோபர் என்று அது நம்புவதால், அக்டோபரை விற்கிறது. நீங்கள் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் உங்கள் கணக்கில் செப்டம்பர் வாங்கிய நிலை ஒன்று, அக்டோபர் விற்ற நிலை ஒன்று என இரண்டு கால்கள் இருக்கும். இதற்குப் பெயர் காலண்டர் ஸ்ப்ரெட். ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்று ஏறக்குறைய ஈடுகட்டுவதால் மூன்று நான்கு நாட்களுக்கு எதுவும் தெரியாது. 30ஆம் தேதி செப்டம்பர் கால் தானாகவே ரொக்கமாகத் தீர்க்கப்பட்டுவிடும். அக்டோபர் ஷார்ட் மட்டும் தனியாக நிற்கும். நீங்கள் எடுக்க நினைக்கவே நினைக்காத ஒரு நிலை, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஸ்ப்ரெட் வைத்திருந்தால் மார்ஜின் குறையும்; ஆனால் அன்றே முடியும் ஒப்பந்தத்துக்கு எக்ஸ்பைரி நாளில் அந்தச் சலுகை கிடையாது என்று 2024 அக்டோபர் சுற்றறிக்கையில் செபி சொல்லிவிட்டது; 2025 பிப்ரவரியில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. எனவே தெரியாமல் உருவான அந்த ஸ்ப்ரெட், எக்ஸ்பைரி அன்று காலை மார்ஜின் கேட்டு நிற்கும்.

தனிப் பங்குகளின் ஃபியூச்சர்ஸ் என்றால் கதை இன்னும் கனமானது. 2019 அக்டோபரில் இருந்து எல்லாப் பங்கு டெரிவேட்டிவ்ஸும் ரொக்கமாக அல்ல, பங்குகளாகவே தீர்க்கப்படுகின்றன. ரோல்ஓவர் செய்ய வேண்டிய நாளை நிரல் தவறவிட்டால், ஒப்பந்தத்தின் முழு மதிப்புக்குமான பணத்தைக் கட்டிப் பங்குகளை வாங்கிக்கொள்ள வேண்டும். லாட்டின் மதிப்பு 7 லட்சம், நீங்கள் கட்டியிருந்த மார்ஜின் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், மீதி ஐந்தரை லட்சத்தை ஓரிரு நாளில் புரட்ட முடியுமா?

பெயரில் மாதம் இருக்கும், தேதி இருக்காது

இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று பார்க்க, ஒப்பந்தத்தின் சிம்பலைப் பிரித்துப் பார்க்கலாம். நம் ஊர் புரோக்கர்களின் வழக்கமான வடிவம் இதுதான்: முதலில் நிஃப்டி என்ற பெயர், பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள், பிறகு மாதத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம், கடைசியில் ஃபியூச்சர் என்பதைச் சொல்லும் மூன்றெழுத்து. அவ்வளவுதான். எக்ஸ்பைரி 25ஆ 30ஆ என்று அதில் எங்கேயும் இல்லை. எக்ஸ்பைரி செவ்வாய்க்கு மாறியபோதும் சிம்பலின் வடிவம் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சிம்பலோடு ஒரு எண்ணும் வரும், டோக்கன் என்பார்கள். நேரலை விலையைக் கேட்பதற்கு இந்த எண்தான் தேவை. பலர் இதை ஒருமுறை பார்த்துக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள். ஓர் ஒப்பந்தம் முடிந்தபின் அதன் டோக்கனை எக்ஸ்சேஞ்ச் வேறொரு ஒப்பந்தத்துக்குக் கொடுக்கலாம். ஜெரோதாவின் கைட் கனெக்ட் ஆவணமே, சேமிப்பதற்கு டோக்கனை நம்பாதீர்கள், எக்ஸ்சேஞ்ச் பெயரையும் சிம்பலையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. நேற்று நிஃப்டி ஃபியூச்சராக இருந்த எண், அடுத்த மாதம் சம்பந்தமே இல்லாத ஒரு ஆப்ஷனாக இருக்கலாம். அப்போதும் விலை வரும், பிழைச் செய்தி வராது.

கணிக்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள்

என் கருத்து நேரடியானது: அடுத்த ஒப்பந்தம் எது என்பதை நாள்காட்டியை வைத்துக் கணக்கிடக் கூடாது. அது தேடிப் பார்க்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு வர்த்தக நாள் காலையிலும் புரோக்கர்கள் அன்று வர்த்தகமாகும் எல்லா ஒப்பந்தங்களின் பட்டியலை ஒரு கோப்பாகத் தருகிறார்கள். ஜெரோதாவில் அது சி.எஸ்.வி.; காலை எட்டரை வாக்கில் ஒருமுறை இறக்கினால் போதும். ஏஞ்சல் ஒன், அப்ஸ்டாக்ஸ் போன்றவையும் இதே மாதிரி கோப்பு தருகின்றன. ஒவ்வொரு வரியிலும் சிம்பல், டோக்கன், அடிப்படைச் சொத்தின் பெயர், எக்ஸ்பைரி தேதி, லாட் அளவு எல்லாம் இருக்கும்.

வேலை இவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய சொத்தின் பெயர் உள்ள வரிகளை எடுங்கள். அதில் ஃபியூச்சர்ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பைரி இன்றோ இன்றைக்குப் பிறகோ உள்ளவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். முதலாவது நியர், இரண்டாவது நெக்ஸ்ட், மூன்றாவது ஃபார். கையில் ஒரு ஒப்பந்தம் இருந்து அதன் பக்கத்து ஒப்பந்தம் வேண்டுமென்றால், அந்த வரிசையில் அது நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு படி முன்னாலோ பின்னாலோ போங்கள். மாதப் பெயரைத் தொடவே வேண்டாம். பாண்டாஸ் தெரிந்தவருக்கு ஐந்தாறு வரி.

ஐந்தாறு வரிதான் என்றாலும் வழுக்கும் இடங்கள் உண்டு. பெயரை ‘நிஃப்டியில் தொடங்குவது’ என்று தேடினால் நிஃப்டி நெக்ஸ்ட் 50 ஒப்பந்தமும் உள்ளே வரும்; ‘நிஃப்டி உள்ளது’ என்று தேடினால் பேங்க் நிஃப்டியும் வந்து நிற்கும். அச்சு அசலாக அதே பெயர் என்று ஒப்பிடுங்கள். தேதியை எழுத்தாக வைத்து அடுக்காமல் தேதியாக மாற்றி அடுக்குங்கள். மாதச் சுருக்கத்தை வைத்து ஆங்கில அகர வரிசையில் அடுக்கினால் ஏப்ரல்தான் ஆண்டின் முதல் மாதம். எக்ஸ்பைரி நாளன்று நியர் மன்த் எது என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அன்று மாலை மூன்றரை வரை அது உயிரோடுதான் இருக்கும், கோப்பிலும் இருக்கும்; ஆனால் புதிதாக ஒரு நிலை எடுப்பதற்கு அது உகந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி ஃபங்ஷன் வைப்பது நல்லது.

புரோக்கர் உறுப்பினர்களுக்காக என்.எஸ்.இ. தரும் மூல ஒப்பந்தக் கோப்பை நேரடியாகக் கையாள்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான பொறி காத்திருக்கிறது. அதில் எக்ஸ்பைரி ஒரு பெரிய எண். 1980 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள். கணினி உலகின் வழக்கமோ 1970 ஜனவரி 1. கவனிக்காமல் மாற்றினால் 2025 செப்டம்பர் 30 என்பது 2015 அக்டோபர் 1 என்று தெரியும். பத்து ஆண்டுகள் குறைந்ததைக் கண்டுபிடித்துவிட்டு, ஆண்டில் மட்டும் பத்தைக் கூட்டி ‘சரி செய்பவர்’ ஒரு நாள் தள்ளி, மாதமே மாறி நிற்பார். காரணம், எழுபதுகளில் வந்த லீப் ஆண்டுகள் இரண்டு, 2015க்கும் 2025க்கும் இடையே வந்தவை மூன்று. நொடிக் கணக்கில் 31,55,32,800ஐக் கூட்டிவிட்டுத் தேதியாக மாற்றுவதுதான் வழி.

அரசு விடுமுறையும் நிறுவனப் பிரிவினையும்

செவ்வாய் என்று மாற்றி எழுதிவிட்டு, விடுமுறைப் பட்டியலையும் சேர்த்துவிட்டால் போதாதா? 2023 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் பக்ரீத் விடுமுறை ஜூன் 28, புதன். மாதக் கடைசி வியாழனான 29 எக்ஸ்பைரி. கடைசி நேரத்தில் மகாராஷ்டிர அரசு விடுமுறையை 29க்கு மாற்றியது, எக்ஸ்சேஞ்சுகளும் மாற்றின. விளைவு, எக்ஸ்பைரி 28க்கு முன்னேறியது. சந்தை மூடியிருக்கும் என்று ஆண்டுத் தொடக்கத்தில் எழுதி வைத்த அதே நாள், எக்ஸ்பைரி நாளாக மாறிவிட்டது. ஜனவரியில் தயாரித்த விடுமுறைப் பட்டியலை நம்பிய கோடு அன்று தூங்கிக்கொண்டிருந்திருக்கும்.

2026 பட்டியலிலும் இரண்டு மாதங்கள் கவனிக்க வேண்டியவை. மார்ச் 31 கடைசி செவ்வாய், மகாவீர் ஜெயந்தி. நவம்பர் 24 கடைசி செவ்வாய், குருநானக் ஜெயந்தி. இரண்டிலும் எக்ஸ்பைரி ஒரு நாள் முன்னதாகத் திங்களுக்கு வருகிறது. நிலவைப் பார்த்துத் தேதி மாறும் பண்டிகைகள் இந்தியாவில் குறைவில்லை.

விடுமுறையைவிட விசித்திரமானது நிறுவனங்கள் பிரியும்போது நடப்பது. டாடா மோட்டார்ஸ் பிரிவினைக்கான ரெக்கார்டு தேதி 2025 அக்டோபர் 14. அக்டோபர் 28, நவம்பர் 25, டிசம்பர் 30 என்று மூன்று தேதிகளில் முடிய வேண்டிய அதன் மூன்று ஒப்பந்தங்களும் அக்டோபர் 13 அன்றே ஒன்றாக முடிக்கப்பட்டன. அன்றைக்கு ‘அடுத்த ஒப்பந்தம்’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. எந்த நாள்காட்டிச் சூத்திரமும் இதைக் கணித்திருக்காது. பட்டியலைப் படித்த நிரலுக்கோ, மூன்று வரியிலும் ஒரே தேதி இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அப்போது நின்று கேள்வி கேட்கும்படி எழுதியிருந்தால்தான் பயன்.

அதேபோல எஃப் அண்டு ஓ பட்டியலில் இருந்து ஒரு பங்கு நீக்கப்பட்டால், இருக்கும் ஒப்பந்தங்கள் முடியும்வரை ஓடும், புதியவை வராது. நியர் இருக்கும், நெக்ஸ்ட் இருக்காது. உங்கள் ஃபங்ஷன் அப்போது ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். ஏதோ ஒன்றைத் திருப்பித் தருவது இல்லை என்பதைவிட மோசம். பெயர் மாற்றமும் சேட்டை செய்யும்: 2025 ஏப்ரலில் ஜொமேட்டோவின் சிம்பல் எட்டர்னல் ஆனது. பழைய பெயரைத் தேடிய கோடுகளுக்கு அந்த நிறுவனமே காணாமல் போனது.

லாட் அளவைத் தனியாக ஒரு மாறிலியாக வைத்திருப்பவர்கள் 2025 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 30 வரை முடியும் நிஃப்டி ஒப்பந்தங்களுக்கு லாட் 75. ஜனவரி ஒப்பந்தத்துக்கு 65. ஒரு லாட் ரோல்ஓவர் செய்தால் 75 விற்று 65 வாங்குகிறீர்கள். 10 யூனிட் காணோம். நிஃப்டி 26,000 என்று வைத்துக்கொண்டால் 2.6 லட்சம் ரூபாய் மதிப்பிலான இடைவெளி. லாட் அளவையும் ஒப்பந்தம் இருக்கும் அதே வரியில் இருந்து எடுத்தால் இந்தப் பிரச்னை இல்லை.

கமாடிட்டிக்குப் போனால் மாதமே மாறும்

எம்.சி.எக்ஸ். பக்கம் போகிறவர்கள் ‘மாதம் கூட்டல் ஒன்று’ என்பதை முழுக்க மறந்துவிட வேண்டும். ஒரு கிலோ தங்க ஒப்பந்தம் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என இரட்டைப்படை மாதங்களில்தான் உண்டு. ஏப்ரலுக்கு அடுத்தது ஜூன். 30 கிலோ வெள்ளியில் செப்டம்பருக்கு அடுத்தது டிசம்பர். தங்கம் என்ற பெயரில் தொடங்கும் கோல்டு மினி, கினி, பெட்டல் எல்லாம் தனித்தனி ஒப்பந்தங்கள், தனித்தனிக் கால அட்டவணை.

கச்சா எண்ணெயில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. எம்.சி.எக்ஸின் ஏப்ரல் ஒப்பந்தம் அமெரிக்காவின் நைமெக்ஸில் எந்த ஒப்பந்தத்தோடு இணைகிறது தெரியுமா? மே. நைமெக்ஸில் மே மாத டபிள்யூ.டி.ஐ. ஒப்பந்தத்தின் வர்த்தகம் ஏப்ரல் 20 வாக்கிலேயே முடிந்துவிடும். மே என்பது எண்ணெயைக் கையில் வாங்கும் மாதம். ஏப்ரல் என்ற பெயரில் உள்ளது மார்ச்சிலேயே முடிந்திருக்கும். பெயரை வைத்து ஜோடி சேர்த்தால் உயிருள்ள ஒன்றை இறந்த ஒன்றோடு கட்டி வைத்தது போலத்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2020 ஏப்ரல் 20 காட்டியது. எம்.சி.எக்ஸ். ஏப்ரல் ஒப்பந்தத்தின் எக்ஸ்பைரி அன்றுதான். ஊரடங்கால் வர்த்தகம் மாலை 5 மணிக்கே முடிந்தது; கடைசி விலை பீப்பாய்க்கு 965 ரூபாய். அன்றிரவு நம் நேரப்படி நைமெக்ஸ் மே ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலருக்குச் சரிந்து முடிந்தது. அந்த விலையை ரூபாயாக மாற்றி, எம்.சி.எக்ஸ். ஏப்ரல் ஒப்பந்தம் மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்க்கப்பட்டது. கையில் ஏப்ரலை வைத்துக்கொண்டு விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது என்று நம்பியவர்கள் பீப்பாய்க்கு 3,849 ரூபாய் இழந்தார்கள், அதுவும் சந்தை மூடிய பிறகு. பக்கத்து ஒப்பந்தமான மேக்கு மாறியிருந்தவர்களுக்கு அந்தத் தீர்வு விலை பொருந்தவில்லை.

பின்னோக்கிப் போக வேண்டுமென்றால்

இதுவரை சொன்னது முன்னோக்கிப் போவதற்கு. முந்தைய ஒப்பந்தம் எது என்று கேட்டால் இன்றைய கோப்பு உதவாது. முடிந்தவை அதில் இருக்காது. பேக்டெஸ்ட் செய்பவர்கள் மாட்டுவது இங்கேதான். தினமும் இறக்கும் கோப்பைத் தேதி போட்டுச் சேமித்து வைப்பது சுலபமான தீர்வு. அளவு சில எம்.பி.தான். பழைய காலத்துக்கு என்.எஸ்.இ.யின் தினசரி பாவ்காப்பி இருக்கிறது. ஒவ்வொரு வர்த்தக நாளும் எந்தெந்த எக்ஸ்பைரிகள் உயிரோடு இருந்தன என்பது அதில் பதிவாகியிருக்கும். 2024இல் அதன் வடிவமும் பத்திப் பெயர்களும் மாறின என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சில்லறை முதலீட்டாளர்களின் அல்கோக்களுக்கு 2025 பிப்ரவரியில் செபி தனி விதிமுறை கொண்டுவந்தது. ஆர்டர் எந்த ஐ.பி. முகவரியில் இருந்து வருகிறது, நொடிக்கு எத்தனை வருகிறது, எப்போது பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. வேகத்தையும் அடையாளத்தையும் அது பார்க்கும். நீங்கள் நினைத்த ஒப்பந்தத்தைத்தான் வாங்கினீர்களா என்று அது பார்க்காது.

உங்கள் கோடு எப்படி என்று தெரிந்துகொள்ள மூன்று தேதிகளை, அந்தந்த நாளின் பாவ்காப்பியோடு கொடுத்துப் பாருங்கள். 2023 ஜூன் 28 அன்று நிஃப்டி நியர் மன்த் ஃபியூச்சரின் எக்ஸ்பைரி ‘இன்று’ என்று வர வேண்டும். 2025 செப்டம்பர் 26 அன்று நியர் செப்டம்பர் 30, நெக்ஸ்ட் அக்டோபர் 28. 2025 அக்டோபர் 13 அன்று டாடா மோட்டார்ஸின் அடுத்த ஒப்பந்தத்தைக் கேட்டால், எந்தச் சிம்பலையும் தராமல் நின்றுவிட வேண்டும்.